கரண்ட் தனி

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் சித்தப்பா வரிசையாகக் கைதட்டல் போட்டிருந்தார். உன் அத்தை, ‘உன் அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்’ என்று எழுதியிருந்தாள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. “என்னம்மா, நீ இன்னும் படிக்கலையா?” என்று மறுநாள் போனில் கேட்டாய். கண் வலி என்று பொய் சொன்னேன். என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு அருவருப்புதான் வந்தது. பெற்ற பிள்ளையின் பெயரை ஆங்கிலப் பத்திரிகையில் அச்சில் பார்த்து ஒரு தாய்க்கு வரக்கூடாத உணர்ச்சி அது. போனில் சொல்லியிருந்தால் இரண்டாவது நிமிடமே நீ, “அம்மா, ஒரு மீட்டிங் இருக்கு” என்று வைத்திருப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கு நடுவில் நீ எழுந்து போக முடியாது.

வீடுகளுக்கான மின்கட்டணத்தை அரசாங்கம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பது தப்பு என்கிறாய். இலவச நூறு யூனிட் அதைவிடத் தப்பு என்கிறாய். விலையை அதன் போக்கில் விட்டால் ஜனங்கள் தாங்களே சிக்கனம் கற்றுக்கொள்வார்கள், உண்மையில் ஏழையாக இருப்பவனுக்குப் பணமாகக் கையில் கொடுத்துவிடலாம் என்கிறாய். சரி, அது உன் தொழில். குர்கானில் உட்கார்ந்து மின் வாரியங்களுக்கு யோசனை சொல்லத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் மூன்றாவது பத்தியில் ஓர் உதாரணம் எழுதியிருக்கிறாயே: ‘சென்னையில் என் தாயார் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், ஆளில்லாத அறையில் மின்விசிறியை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். மலிவான மின்சாரம் அவரிடம் எதுவும் சொல்வதில்லை.’ அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அந்த மின்விசிறிக் கதையை உனக்குச் சொன்னது நான்தான். இரண்டு வருடம் முன்னால் ஐப்பசி மழையில் ஒரு நாள் போனில் உன்னிடம் புலம்பினேன். “மேல யாருமே இல்லடா, ஃபேன் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு” என்றேன். மாடிக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், அந்த லட்சணம்தான் எனக்கு. மாடிக்காரி பர்வீன் ரவிக்கை தைப்பவள் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு யாரோ ஒரு வாடிக்கையாளரின் கல்யாணப் பட்டு ரவிக்கை ஆட்டோவில் கொண்டுவரும்போது நனைந்துபோயிருக்கிறது. சாயம் இறங்கிவிடுமோ என்று பயந்து கொடி கட்டி அதை ஃபேனுக்குக் கீழே போட்டுவிட்டு, பித்தான் வாங்க ஓடியிருக்கிறாள். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்ததும் உனக்கு போன் பண்ணி, ‘நான் சொன்னது தப்புடா’ என்று சொன்னேனா? சொல்லவில்லை. குற்றம் சொல்லத்தான் போனை எடுப்போம், திருத்திச் சொல்ல எடுப்போமா? நீ அந்தப் பாதிக் கதையை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து நாட்டுக்கே சொல்லிவிட்டாய்.

அதுகூடப் போகட்டும். ‘மலிவான மின்சாரம்’ என்று எழுதினாயே, அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? மாடியில் யூனிட் என்ன விலை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அப்பா போய் அடுத்த பொங்கலுக்கு வந்திருந்தாய். இந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுக்கொண்டே, “மாடிக்கு யூனிட் எவ்ளோ வாங்கற?” என்று கேட்டாய். ஏழு ரூபாய் என்றேன். சிரித்தாய். “அம்மா, தி.நகர்ல என் ஃப்ரெண்டு வீட்டுல பன்னெண்டு வாங்கறாங்க. அதான் மார்க்கெட் ரேட். நீ என்ன தர்மசத்திரமா நடத்தற?” என்றாய். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் முதல் பன்னிரண்டு. பிள்ளைக்கு எவ்வளவு விவரம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெளியூர்க்காரனாகிவிட்ட உனக்கு மறந்திருக்கலாம், அதனால் நம் வீட்டு ஏற்பாட்டை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் இந்தச் சந்து முழுக்க இதே ஏற்பாடுதான். வீடு முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு, அது அப்பா பெயரில். அதிலிருந்து மாடிக்கு ஒரு வயர் போகிறது, நடுவில் அப்பா வாங்கி மாட்டிய சப் மீட்டர். வாசல் கேட்டில் தொங்கவிட்ட பலகையில் நானே பெயின்ட்டால் எழுதினேன்: ‘மாடி வாடகைக்கு. கரண்ட் தனி.’ தனி என்றால் அவர்களுக்கென்று தனி இணைப்பு என்று வெளியூர்க்காரன் யாராவது நினைத்துக்கொள்வான். இங்கே அதற்கு அர்த்தம், வாடகை தவிர கரண்டுக்கு நாங்கள் சொல்வதைத் தனியாகக் கொடு என்பது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கிறதே, அது நம் இணைப்புக்கு வந்து நம் பில்லோடு நின்றுவிடும். மாடிப்படி ஏறாது. பர்வீன் முதல் யூனிட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய் கொடுத்தாள். ஆறு வருடமாக அவள் இலவச யூனிட் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் சேர்ந்து செலவழிப்பதால் நம் ஸ்லாப் ஏறிவிடுகிறது, அதை ஈடுகட்டத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நிஜமாகவே பேனா பிடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடிக்காரர்கள் கொடுத்த தொகையிலேயே மொத்த பில்லும் அடைபட்டு, எனக்குக் கொஞ்சம் மிச்சமும் ஆகியிருந்தது. போட்டுப் பார்த்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விளக்கேற்றப் போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் பழைய டைரியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ரீடிங் குறிப்பது எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். யாரோ சொன்னதை அடித்துக் கொடுத்தே காலம் போனது. மாடிப்படி ஏறினால் பர்வீன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள். அவள் புருஷன் சலீம் ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணைப் படிப்பேன். எனக்கு ஒருவர் எழுந்து நிற்பது என் வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான். கேவலம், ஆனால் உண்மை.

அசோக் நகரில் நாம் குடியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஆறாவது படித்தாய். அயர்ன் பாக்ஸ் போடக்கூடாது என்பது அந்த வீட்டுக்காரர் கண்டிஷன். பள்ளி ஆண்டு விழாவுக்கு உன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் வேகமாகச் சுற்றுவதைக் கீழே பார்த்துவிட்டு அவர் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்து, எல்லோர் எதிரிலும், “என்ன மேடம், கரண்ட் என்ன உங்கப்பன் வீட்டுதா?” என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாதி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நீ மேடையில் கடைசி வரிசையில் நின்றாய், வீட்டுக்கு வந்து அழுதாய். சொந்த வீடு கட்டினால் யாரையும் இப்படிக் கேட்கமாட்டேன் என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். அந்த வார்த்தைக்கு எத்தனை வருடம் ஆயுள் என்று பார். அந்த ஆள் கத்தினார், நான் பர்வீனிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது போன கோடைக்கு வருகிறேன். பர்வீனின் மகள் ஷமா முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. மாடி வெறும் மொட்டைத் தளத்துக்குக் கீழே இருக்கிறது, மதியம் அங்கே நிற்க முடியாது. மே ஒன்றாம் தேதி வழக்கம்போல டைரியோடு போனேன். எண் நிறைய ஏறியிருந்தது. “ஏம்மா பர்வீன், இந்த மாசம் என்ன இப்படி எகிறியிருக்கு?” என்று கேட்டேன். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். “கொயந்த கீதுல்லம்மா, அதான்” என்றாள். “பாத்து, அடுத்த தடவ பில்லப் பாத்து நீதான் மயக்கம் போடுவ” என்று வேடிக்கை பேசிவிட்டு இறங்கி வந்தேன்.

அதற்கப்புறம் பகலில் ஷமா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார ஆரம்பித்தாள். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை, அதால் விசிறிக்கொண்டிருப்பாள். அங்கே காற்று வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதையும் உன்னிடம் சொன்னேன். “பாவம், இயற்கைக் காத்து வாங்கறாங்க” என்றேன். அப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும், ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு மாடியில் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் குழந்தை துவண்டு கிடக்கிறது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சலீம் ஆட்டோவில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான்கு நாள் சலைன் ஏறியது. சூட்டில் உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

குழந்தை பிழைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பார்க்கப் போனேன். பெரிய மனுஷி தோரணையில், “ஏம்மா, பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு ஃபேன் போடக்கூடாதா?” என்று கேட்டேன். பர்வீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே, “போட்டோம்மா. நீங்க ரீடிங் பாத்துட்டு கேட்டீங்கல்ல, அத்தொட்டு பகல்ல மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கினோம்” என்றாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை. கடையில் விலை கேட்டால் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். கீழே இறங்கி வந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன் கட்டுரைக்குப் பதில் அதுதானடா. விலைக்கு உச்சவரம்பு இல்லாவிட்டால் ஜனங்கள் சிக்கனம் கற்றுக்கொள்வார்கள் என்கிறாய். கற்றுக்கொண்டார்கள். சந்தேகமே வேண்டாம், உன் கொள்கை ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. நம் மாடியில் ஆறு வருடமாக எந்த உச்சவரம்பும் கிடையாது, நீ சொன்ன மார்க்கெட் ரேட்தான். அந்த விலை பர்வீனிடம் பேசிய பேச்சு கேட்டுத்தான் இருபது நாள் குழந்தை படிக்கட்டுக்கு வந்தது. நீ ஆசைப்படுகிற ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கேயும் போகவேண்டியதில்லை, உன் சொந்த வீட்டு மாடியிலேயே அது நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துவந்து, மலிவு விலையால் கெட்டுப்போனவள் என்று பத்திரிகையில் நிறுத்தியிருக்கிறாய். தெரிந்து செய்தாயா தெரியாமல் செய்தாயா என்று யோசித்துப் பார்த்தேன். நீ யோசிக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்கு ரொம்ப அருவருப்பாக இருக்கிறது.

நீ சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விலையைப் பிடித்து வைத்தால் அந்த நஷ்டத்தை யாரோ சுமக்கத்தான் வேண்டும், அது கடைசியில் வேறு வழியாக நம் தலையில்தான் விழும். பென்ஷனும் சொந்த வீடும் இருக்கிற எனக்கு இலவச யூனிட் எதற்கு என்று நீ கேட்டால் ஒத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளச் சொல், சந்தோஷமாகக் கொடுக்கிறேன். ஆனால் ஏழைக்குப் பணமாகக் கையில் கொடுக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, யார் கையில் கொடுப்பாய்? பர்வீன் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது? மின் வாரியத்தைப் பொறுத்தவரை நம் மாடியில் ஒரு ஈ காக்கைகூடக் குடியில்லை. இந்த ஊரில் அப்படிக் கணக்கிலேயே இல்லாமல் இருக்கிற ஜனங்கள் எத்தனை பேர் என்று திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஏறிப் பார். உச்சவரம்பு வேண்டாம் என்று நீ எழுதுகிறாய், அது இன்னும் வந்தே சேராத வீடுகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். கட்டுப்படுத்தி, அது வீட்டுக்காரன் வாசல் கேட்டோடு நிற்காமல் மாடிப்படி ஏறுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

குழந்தை பிழைத்துவந்த வாரமே மாடிக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பம் வாங்கினேன். அப்பாவுக்குப் பிறகு வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். உனக்கு அனுப்பினேன். “அம்மா, தனி மீட்டர் குடுத்தா அவங்களுக்கு அட்ரஸ் ப்ரூஃப் ஆயிடும். அப்புறம் காலி பண்ணவே மாட்டாங்க” என்றாய். மாதம் ஐந்தாகிறது. நான் கேட்கும்போதெல்லாம் ‘பார்க்கலாம்’ என்கிறாய். கட்டுரை எழுத நேரம் இருந்தது, ஒரு கையெழுத்துப் போட இல்லை.

உன் கட்டுரையைப் படித்த மறுநாள் நான் மாடிக்குப் போனேன். “பர்வீன், இனிமே பன்னெண்டு கிடையாது. ஈபி பில்லுல உன் பங்கு என்ன வருதோ அது மட்டும் குடு. இலவச யூனிட் முழுக்க உனக்குத்தான்” என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன், எதற்கு மறைக்கவேண்டும். அவள் ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்துவிட்டு, “நானே கீய வந்து சொல்லணும்னு இருந்தேம்மா. நாங்க காலி பண்றோம். திருவான்மியூர்ல ஊடு பாத்துட்டோம்” என்றாள். வாடகை இங்கேயைவிட அதிகம். சலீமுக்கு ஆட்டோ ஸ்டாண்டு இங்கே பக்கத்தில் லஸ்ஸில், அங்கிருந்து தினமும் வரவேண்டும். அவள் வாடிக்கையெல்லாம் இந்த நாலு தெருவில். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “அதான் நான் கொறச்சுட்டேனே, அப்புறம் என்ன?” என்று கேட்டேன்.

அவள் ரவிக்கையை மடித்து வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நீங்க நல்லவங்கதாம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா உங்களுக்கு மனசு மாறிச்சுன்னா எங்க ஃபேன் நின்னுடும். அந்த ஊட்ல தனி மீட்டரு கீது. ஈபில இன்னா போடுறானோ அத்தக் கட்டிட்டுப் போய்க்கினே இருக்கலாம். யாரு மனசையும் பாத்துக்கினு இருக்க வாணாம்.”

வியாழக்கிழமை காலை ஒரு குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தையல் மிஷினைக் கடைசியாக இறக்கினார்கள். ஷமா குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள், என் விரலைப் பிடித்துக்கொண்டது. உனக்கு போன் பண்ணிச் சொன்னேன். “நல்லதாப் போச்சும்மா. பெயின்ட் அடிச்சுட்டு ரெண்டாயிரம் ஏத்தி விடலாம். கரண்ட்டையும் பதினாலா ஆக்கிடு” என்றாய். போனை வைத்துவிட்டேன். உன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது, எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பிறகு உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். ஒன்றாம் தேதி நான் டைரியோடு மாடி ஏறியதை நீ லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கேட்டில் இன்னும் பலகை மாட்டவில்லை, ஆனாலும் காலி என்று தெரிந்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டார்கள். நேற்று வந்தவன் புதுமாப்பிள்ளை போலிருக்கிறது. மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கரண்ட் எப்படி ஆன்ட்டி?” என்று கேட்டான். என்ன நடந்தது தெரியுமா? என் வாய் தானாக, “யூனிட் பன்னெண்டு” என்று சொல்லிவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும், இந்தக் கடிதத்தில் பாதியை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்த பிறகும், சொல்லிவிட்டது. அவனும் சரி என்று தலையாட்டினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் அவன் எதிரில் மாற்றிச் சொல்லவும் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இந்த வாரமே அனுப்பு. இதில் பர்வீனுக்கு இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, இனிமேல் நான் திருந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அடுத்து அந்த மாடிக்கு யார் குடிவரப் போகிறார்களோ, அவர்களை உன் அம்மாவிடமிருந்து காப்பாற்று.

அம்மா